வீட்டிலேயே எலக்ட்ரானிக்ஸ் பழுது பார்க்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபேன், பல்பு, அடாப்டர், ரிமோட், மிக்ஸி, டிவி என்று வீட்டில் கிடக்கும் பழுதான சாமான்களைத் திறந்து பார்க்கும் ஆசை உள்ளவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. எந்தப் பாகம் போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது ஏன் போனது என்று கண்டுபிடிக்காமல் புதியதைப் போட்டால் அதுவும் போகும். கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அந்த ‘ஏன்’ பற்றியவை.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கவில்லை. நான் பழுது பார்க்க முடியுமா?

முடியும். அறுந்த ஒயர், விட்டுப்போன சால்டர், ஊதிய கப்பாசிட்டர், மோட்டாரில் தேய்ந்த கார்பன் பிரஷ், உப்புப் பூத்த பேட்டரி ஸ்பிரிங் இவைதான் வீட்டுச் சாமான்களில் திரும்பத் திரும்ப வரும். வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றுக்கும் உள்ள உறவு, டயோடு ஒரு திசையில் மட்டும் கரண்ட் விடும் என்பது, கப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பது: இவ்வளவு புரிந்தால் ஆரம்பிக்கலாம். கூடவே ஒரு பிடிவாதம் வேண்டும். அளக்காமல் எதையும் மாற்றுவதில்லை என்ற பிடிவாதம்.

எதையெல்லாம் திறக்கவே கூடாது?

மைக்ரோவேவ் அவன் முதலிடம். அதன் டிரான்ஸ்ஃபார்மர் தருவது 2,000 வோல்ட் அளவில். கூடவே ஒரு பெரிய கப்பாசிட்டர். அந்த அழுத்தத்தில், அந்த அளவு கரண்ட் உடலில் பாய்ந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது. பழகியவர்களே அதன் முன் ஒரு கணம் நின்றுதான் கை வைப்பார்கள்.

அடுத்தது பழைய பிக்சர் டியூப் டிவி. 2006-இல் தொடங்கி தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த வண்ணத் தொலைக்காட்சிகள் இந்த வகை. இன்னும் சில வீடுகளில் பரணில் இருக்கின்றன. டியூபின் மேல் ரப்பர் தொப்பி போட்ட இடத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் வரும். அணைத்த பிறகும் டியூப் அந்தச் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும்.

உப்பிய லித்தியம் பேட்டரியைக் குத்தவோ, அழுத்தவோ, திரும்பச் சார்ஜ் போடவோ வேண்டாம். தீப்பிடித்தால் தண்ணீர்க் குடத்தோடு ஓடி அணைக்கிற தீ அல்ல அது. ஏசியின் வெளி யூனிட், வீட்டு இன்வெர்ட்டர் இரண்டையும் ஓரளவு அனுபவம் வரும்வரை தள்ளி வையுங்கள்.

தொடங்க நல்லவை: ரிமோட், டார்ச், 12 வோல்ட்டில் ஓடும் சாமான்கள், ரேடியோ, ஃபேன் கப்பாசிட்டர். கரண்ட் கம்பியோடு நேரடித் தொடர்பு உள்ள போர்டுகளுக்குப் பிறகு வரலாம்.

கரண்ட் அடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு வேலை செய்யாதீர்கள். பல வீடுகளில் பிளக் பாயின்ட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருக்கும். சுவிட்ச் நியூட்ரலைத் துண்டிக்கும், ஃபேஸ் போர்டிலேயே நிற்கும். பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். டெஸ்டர் ஸ்க்ரூடிரைவர் எரியவில்லை என்பதைப் பாதுகாப்புக்கான சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மல்டிமீட்டரை முதலில் கரண்ட் வரும் ஒரு பாயின்ட்டில் வைத்துப் பார்த்து, பிறகு வேலை செய்யும் இடத்தில் பார்த்து, மறுபடியும் அந்தப் பாயின்ட்டில் பார்த்தால்தான் மீட்டரை நம்பலாம்.

வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் கருவி வாங்குவதற்கு முன் அதைப் போடுங்கள். செருப்பு அணியுங்கள், ஈரத் தரையில் உட்காராதீர்கள், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது மட்டும் கரண்ட் கொடுத்துச் சோதியுங்கள். அவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று காட்டி வையுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஷாக் அடிக்குமா?

அடிக்கும். நம் ஊர் 230 வோல்ட் ஏசி, பிரிட்ஜ் டயோடுகளை (ஏசியை டிசியாக மாற்றும் நான்கு டயோடுகள்) தாண்டி டிசி ஆகும்போது சுமார் 325 வோல்ட். அடாப்டர், டிவி, கணினி எல்லாவற்றிலும் 400 அல்லது 450 வோல்ட் என்று எழுதிய குண்டு கப்பாசிட்டர் ஒன்று இதைப் பிடித்து வைத்திருக்கும். போர்டு ஒழுங்காக ஓடினால் அந்தச் சார்ஜைப் போர்டே தின்றுவிடும். பழுதான போர்டு ஓடாது, அதனால் சார்ஜ் அப்படியே நிற்கும். அதாவது, நாம் திறக்கிற போர்டுதான் அதிக ஆபத்தானது.

ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்குகிற பழக்கம் வேண்டாம். தீப்பொறியில் உலோகம் தெறிக்கும், கப்பாசிட்டரும் கெடும். 2.2 கிலோஓம், 10 வாட் ஒயர்வௌண்ட் ரெசிஸ்டர் ஒன்றை நன்றாக இன்சுலேட் செய்த இரண்டு ஒயர்களில் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். 100 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரை இது ஒன்றரை வினாடிக்குள் காலி செய்யும். ஐந்து வினாடி பிடித்து, பிறகு மீட்டரில் வோல்ட் பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்?

25 வாட் சால்டரிங் அயர்ன், 60/40 சால்டர் கம்பி (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு ஈயம்), ரோசின் பேஸ்ட், சால்டர் உறிஞ்சும் பம்ப், கட்டர், நல்ல ஸ்க்ரூடிரைவர் செட், மல்டிமீட்டர். குழாய் வேலைக்கு விற்கும் ஆசிட் பேஸ்ட்டைப் போர்டில் பூசாதீர்கள், செம்புத் தடத்தை அரித்துவிடும். மீட்டரில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் செலவழியுங்கள்: கப்பாசிட்டர் அளக்கும் வசதி இருக்கட்டும்.

சீரிஸ் போர்டு, சீரிஸ் போர்டு என்கிறார்களே, அது என்ன?

பழுது பார்க்கும் கடைகளில் மேசை ஓரமாக ஒரு குண்டு பல்பு தொங்குமே, அதுதான். என்னைக் கேட்டால், மல்டிமீட்டருக்கு அடுத்தபடி இதற்குத்தான் மதிப்பு. செலவோ ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட், ஒரு பிளக், கொஞ்சம் ஒயர்.

பிளக்கிலிருந்து வரும் ஃபேஸ் ஒயர் நேராக சாக்கெட்டுக்குப் போகாமல் 100 வாட் இழை பல்பு வழியாகப் போக வேண்டும். நியூட்ரலும் எர்த்தும் நேராகப் போகும். சோதிக்க வேண்டிய சாமானை இந்த சாக்கெட்டில் செருகுங்கள். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஃபியூஸ் வெடிக்காது, புதிதாகப் போட்ட டிரான்சிஸ்டர் சாகாது, ஏனென்றால் அரை ஆம்பியருக்கு மேல் போக பல்பு விடாது. நல்ல நிலையில் இருக்கும் டிவி போர்டோ அடாப்டரோ என்றால், கப்பாசிட்டர் சார்ஜ் ஆகும் ஒரு கணம் பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி அணையும். ஒரே சீராக மினுக் மினுக்கென்று விட்டு விட்டு எரிந்தால், போர்டு கிளம்பப் பார்த்து நின்று நின்று போகிறது என்று அர்த்தம். அவுட்புட் பக்கம் ஷார்ட் தேடுங்கள்.

எல்இடி பல்பு போட்டால் இது வேலை செய்யாது, இழை பல்புதான் வேண்டும். இழை குளிர்ந்திருக்கும்போது அதன் ஓம் குறைவு, சூடாகும்போது பத்து மடங்குக்கு மேல் ஏறும். காவல் வேலையைச் செய்வது அந்த ஏற்றம்தான். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றை இதில் செருகினால் பல்பு நன்றாகவே எரியும், அது பழுது அல்ல. அவற்றின் ஓம் இயல்பாகவே குறைவு. இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: சீரிஸ் போர்டு காப்பாற்றுவது பாகங்களை. உங்களை அது காப்பாற்றாது. ஃபேஸ் ஃபேஸ்தான்.

மல்டிமீட்டரில் எதை முதலில் பழக வேண்டும்?

கன்டினியூட்டி (இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும் நிலை), டயோடு, டிசி வோல்ட். இந்த மூன்றில் பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

டயோடு நிலையில் சாதாரண சிலிக்கான் டயோடு ஒரு பக்கம் 0.5 முதல் 0.7 வரை காட்டும், மறுபக்கம் ஒன்றும் காட்டாது. இரண்டு பக்கமும் பீப் அடித்தால் ஷார்ட். ஆனால் போர்டில் இருக்கும்போது அதோடு இணையாக இருக்கும் பாகங்களும் கணக்கில் வரும். சந்தேகம் வந்தால் ஒரு காலை மட்டும் பிடுங்கி வெளியே எடுத்து அளங்கள். பீப் சத்தம் கேட்டாலே பூஜ்ய ஓம் என்று நினைக்க வேண்டாம். பல மீட்டர்கள் 30, 50 ஓமுக்கும் பீப் அடிக்கும், எண்ணைப் பாருங்கள்.

சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் விட்டுவிட்டு 230 வோல்ட் அளக்கப் போவது மீட்டரோடு கையையும் சுடும் தவறு. அந்தத் துளை உள்ளுக்குள் கிட்டத்தட்ட ஒரு கம்பித் துண்டு. மலிவு மீட்டர்களில் அதற்கு ஃபியூஸ்கூட இருக்காது. ஆம்பியர் அளந்து முடித்ததும் ஒயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட்டுத்தான் மீட்டரைக் கீழே வைக்க வேண்டும்.

எங்கும் இணையாத ஒயரில் மீட்டர் 60, 80 வோல்ட் காட்டுகிறதா? பக்கத்து ஒயரிலிருந்து தொற்றிக்கொள்ளும் பேய் வோல்ட் அது. மீட்டரின் உள் ஓம் மிக அதிகம் என்பதால் தெரிகிறது. ஒரு பல்பை இணைத்தால் காணாமல் போய்விடும்.

திறந்தவுடன் முதலில் என்ன பார்ப்பது?

மீட்டரைத் தொடும் முன் கண்ணும் மூக்கும். அதற்கும் முன் போன் எடுத்து நாலு பக்கமும் போட்டோ. எந்த ஒயர் எங்கிருந்து வந்தது என்று பிறகு சண்டை போட வேண்டாம்.

தலை உப்பிய கப்பாசிட்டர், பழுப்பேறிய போர்டு, வெடித்த ஐசி எல்லாம் தானே கண்ணில் படும். நுணுக்கமாகத் தேட வேண்டியது டிரை சால்டர். டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) போல கனமான, சூடேறும் பாகங்களின் காலைச் சுற்றி சால்டரில் மெல்லிய வளையமாக ஒரு விரிசல் ஓடும். தட்டினால் ஓடுகிறது, கொஞ்ச நேரம் சூடானால் நிற்கிறது என்றால் சந்தேகமே இல்லை. வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து, பூதக்கண்ணாடியில் பாருங்கள்.

நம் ஊருக்கே உரிய பிரச்சினைகளும் உண்டு. யூபிஎஸ்ஸிலும் ஏசியின் வெளி யூனிட்டிலும் பல்லி புகுந்து இரண்டு தடங்களுக்கு நடுவே கருகிக் கிடக்கும். செட்டாப் பாக்ஸ் இளஞ்சூடாக இருப்பதால் கரப்பானுக்கு அது வீடு. அதன் எச்சம் ஈரப்பதம் கூடும்போது கரண்ட் கசியவிடும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று கனெக்டர்களைப் பச்சை பூக்க வைக்கும். இன்னொன்று பலர் கவனிக்காதது: பெரிய பாகங்கள் ஆடாமலிருக்க ஆலையில் ஊற்றும் மஞ்சள் பசை. சில பழைய போர்டுகளில் அது சூட்டில் காபி நிறமாகி, கரண்ட்டைக் கடத்த ஆரம்பிக்கும், பக்கத்துக் கால்களை அரிக்கும். சுரண்டி எடுத்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்தாலே சில போர்டுகள் உயிர் பெறும்.

ஃபியூஸ் போயிருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

ஃபியூஸ் கண்ணாடியைப் பாருங்கள். உள்ளே கறுத்தோ வெள்ளிபோல் பூசியோ இருந்தால் உள்ளே பெரிய ஷார்ட்; புதியது போட்டால் அதுவும் அதே கணத்தில் போகும். கண்ணாடி தெளிவாக இருந்து கம்பி மட்டும் அறுந்திருந்தால் வயதாகியோ, கொஞ்சம் அதிகச் சுமையாலோ போயிருக்கலாம்.

கறுத்திருந்தால் நான்கு பிரிட்ஜ் டயோடுகள் (அடாப்டர்களில் பெரும்பாலும் 1என்4007), குண்டு கப்பாசிட்டர், ஸ்விட்ச்சிங் மாஸ்ஃபெட் (கரண்ட்டை வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்), வாரிஸ்டர் (வோல்ட் எகிறினால் தன்னை ஷார்ட்டாக்கிக்கொள்ளும் பாகம்) நான்கையும் ஷார்ட்டுக்குப் பாருங்கள். எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு சீரிஸ் போர்டில் போடுங்கள். ஃபியூஸ் மேல் ‘T’ எழுத்து இருந்தால் மெதுவாக அறுபடும் வகை. அதே வகை, அதே ஆம்பியர் போடுங்கள். செம்புக் கம்பி சுற்றாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை எரிவது போர்டோ, அது இருக்கும் அறையோ.

அடாப்டரில் மீட்டர் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் செட்டாப் பாக்ஸ் ஓடவில்லை. ஏன்?

சுமை இல்லாமல் அளந்தீர்கள். 12 ஓம், 20 வாட் ரெசிஸ்டரை அவுட்புட்டில் இணைத்து மறுபடி அளங்கள். 1 ஆம்பியர் இழுக்கும், நன்றாகச் சூடாகும், கையில் பிடிக்க வேண்டாம். அடாப்டர் அந்த அளவுக்குத் தகுதியானதாக இருந்தும் வோல்ட் 8, 9 என்று விழுந்தால் அவுட்புட் பக்கக் கப்பாசிட்டர் வறண்டுவிட்டது. உப்பாமலேயே வறளும், அதனால் கண்ணை நம்ப வேண்டாம்.

இன்னொரு வகை உண்டு. ஆண்டுக்கணக்கில் அணைக்காமல் ஓடிய பெட்டி, ஒருநாள் கரண்ட் போய் வந்ததும் கிளம்பவில்லை. ஃபியூஸ் நல்லது, குண்டு கப்பாசிட்டரில் 325 வோல்ட் நிற்கிறது, அவுட்புட் மட்டும் இல்லை. கன்ட்ரோல் ஐசிக்குப் பக்கத்தில் 10 முதல் 47 மைக்ரோஃபாரட் வரையிலான சிறிய கப்பாசிட்டர் ஒன்று இருக்கும், அதை மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை அது பலவீனமானது தெரியாது. முதல் தள்ளு கொடுக்க வேண்டிய நேரத்தில்தான் கைவிடும். அது நல்லதென்றால் ஐசிக்கு முதல் கரண்ட் தரும் அதிக ஓம் ரெசிஸ்டர் அறுந்திருக்கும்.

கப்பாசிட்டர் மாற்றும்போது எந்த மதிப்பு போட வேண்டும்?

மைக்ரோஃபாரட் அதே, வோல்ட் அதே அல்லது ஒரு படி அதிகம், 105 டிகிரி வகை. ஸ்விட்ச்சிங் சப்ளையின் அவுட்புட் பக்கம் என்றால் ‘லோ இஎஸ்ஆர்’ (உள் ஓம் குறைந்த வகை) என்று கேட்டு வாங்குங்கள். உடம்பில் கோடு போட்ட பக்கம் நெகட்டிவ். பழையதைப் பிடுங்கும் முன் போர்டில் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். தலைகீழாகப் போட்டால் வெடிக்கும்.

சூடு இதன் எமன். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று போட்ட கப்பாசிட்டர், ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் ஏறக்குறைய இரண்டு மடங்கு வாழும்: 85-இல் 8,000, 65-இல் 32,000 மணி. அதனால் மாற்றும்போது கூடவே பாருங்கள், அது ஹீட்சிங்கை ஒட்டி நிற்கிறதா, காற்றோட்டத் துளைகள் தூசியில் அடைத்திருக்கின்றனவா என்று. 2000-களின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகளில் கப்பாசிட்டர்கள் கூட்டமாக உப்பியதற்கு உள்ளிருந்த திரவத்தின் தரக்குறைவு காரணம். அந்தக் காலத்துக் கணினி கையில் கிடைத்தால் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், அந்த வரிசை முழுவதையும் மாற்றுங்கள்.

சீலிங் ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது. காயில் போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. முதலில் ரெகுலேட்டரை 5-இல் வையுங்கள். படிப்படியாக மாறும் இன்றைய ரெகுலேட்டர்களில் 5 என்பது நேர் இணைப்பு. 5-இல் நன்றாகச் சுற்றி மற்றவற்றில் சொதப்பினால் பழுது ரெகுலேட்டரில். 5-லும் மெதுவாக என்றால் கரண்ட்டை அணைத்துக் கையால் சுழற்றிப் பாருங்கள்; இறுக்கமாக நின்றால் பேரிங். லேசாகச் சுற்றினால் கப்பாசிட்டர்.

கடையில் ‘ஃபேன் கண்டென்சர்’ என்று கேட்டால் தருவார்கள். வழக்கமான 48 அங்குல ஃபேனில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட். இரண்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் வேகம் குறையும். இன்னும் இறங்கினால் உறுமிக்கொண்டு நிற்கும், கையால் தள்ளினால் சுற்றும். வேகம் கூடட்டும் என்று 4 மைக்ரோஃபாரட் போடச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள். ஸ்டார்ட்டிங் காயிலில் கரண்ட் கூடி, சூடேறி, அப்போதுதான் காயில் உண்மையில் போகும். பிஎல்டிசி (கார்பன் பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன்களில் இந்தக் கப்பாசிட்டர் கிடையாது. அதில் இருப்பது எலக்ட்ரானிக் போர்டு, கதையே வேறு.

எல்இடி பல்பைச் சரி செய்யலாமா?

கட்டாயம் செய்யலாம், நல்ல பயிற்சியும்கூட. மேல் மூடியைக் கழற்றினால் அலுமினியத் தட்டில் வரிசையாக எல்இடிகள், எல்லாம் சீரிஸ் இணைப்பு. ஒன்று போனால் மொத்தமும் இருட்டு. போனதில் கறுப்புப் புள்ளி தெரியும். அதே வோல்ட் உள்ள எல்இடி மாற்றுவது முறை. அதன் இரு முனைகளையும் சால்டரால் இணைத்துவிடுவது குறுக்குவழி. கரண்ட்டை ஒரே அளவில் வைக்கும் டிரைவர் தனி போர்டில் இருந்தால் ஒன்றுக்கு மட்டும் இது பரவாயில்லை. டிரைவர் ஐசியும் அதே தட்டில் இருக்கும் மலிவு பல்பில் செய்யாதீர்கள்; மிச்சமாகும் வோல்ட்டை அந்த ஐசி சூடாக விழுங்கி, சீக்கிரமே கருகும்.

மூடி இல்லாமல் எரியும்போது அந்தத் தட்டைத் தொடாதீர்கள். டிரைவருக்கும் மின்கம்பிக்கும் நடுவே பிரிப்பு கிடையாது, எல்இடியின் ஒவ்வொரு முனையும் ஷாக் அடிக்கும்.

எல்லாப் பக்கமும் மூடிய கண்ணாடிக் கூட்டுக்குள் போட்ட பல்பு அடிக்கடி போகிறதென்றால் பல்பைக் குறை சொல்ல வேண்டாம், அங்கே சூடு வெளியேற வழியில்லை. சுவிட்சை அணைத்த பிறகும் மங்கலாக எரிந்தால் ஒயரிங்கைப் பாருங்கள்: சுவிட்ச் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலைத் துண்டிக்கிறது, அல்லது சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு இருக்கிறது.

ஒரே நாளில் தெருவில் பல வீடுகளில் டிவி, ஃபேன், சார்ஜர் எல்லாம் போய்விட்டன. இடியும் இல்லை. என்ன நடந்திருக்கும்?

நியூட்ரல் அறுந்திருக்கும். நம் தெருவுக்கு வருவது மூன்று ஃபேஸ். ஒவ்வொரு வீடும் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட் எடுக்கிறது. இரண்டு ஃபேஸுகளுக்கு நடுவே சுமார் 400 வோல்ட். கம்பத்திலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ பொது நியூட்ரல் விட்டுப்போனால், உங்கள் வீடும் வேறு ஃபேஸில் உள்ள எதிர்வீடும் சீரிஸில் மாட்டிக்கொண்டு அந்த 400-ஐப் பங்கு போடும். எதிர்வீட்டில் அயர்ன் பாக்ஸும் ஹீட்டரும் ஓட, உங்கள் வீட்டில் ஒரு டிவி மட்டும் ஓடினால் பெரும்பங்கு உங்கள் டிவிக்கு. சில வீடுகளில் விளக்கு கண்ணைப் பறிக்க, சில வீடுகளில் மங்கினால் அதுதான் அறிகுறி. யோசிக்காமல் மெயினை அணையுங்கள், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

சரியான பிறகு மீட்டரில் 230 அளவில் இருப்பதை உறுதி செய்துகொண்டு ஒவ்வொரு சாமானாகத் திறங்கள். ஃபியூசுக்குப் பக்கத்தில் நீலமாகவோ மஞ்சளாகவோ, தட்டையான பொத்தான் வடிவில் கருகிக் கிடப்பது வாரிஸ்டர். 14டி471 போன்ற எண் இருக்கும். வோல்ட் எகிறியதும் தன்னை ஷார்ட்டாக்கி ஃபியூஸை அறுத்து, பின்னால் இருக்கும் போர்டைக் காப்பாற்றியது அதுதான். அதை எடுத்துவிட்டு, புது ஃபியூஸ் போட்டு சீரிஸ் போர்டில் சோதியுங்கள். பல சாமான்கள் இத்தோடு ஓடிவிடும். ஓடியதும் நிறுத்திவிடாதீர்கள். புது வாரிஸ்டர் போட்டு மூடுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை குறுக்கே நிற்க ஆள் இல்லை.

ரிமோட் வேலை செய்யவில்லை.

போனின் முன்பக்கக் கேமராவுக்கு நேரே பிடித்து பட்டனை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் ஊதாவாகத் துடித்தால் ரிமோட் நல்லது, டிவியின் ரிசீவரைப் பாருங்கள். சில பட்டன்கள் மட்டும் ஓடவில்லையென்றால் ரப்பரின் கார்பனையும் போர்டையும் ஆல்கஹாலில் துடையுங்கள். கீழே விழுந்த பிறகு மொத்தமாகப் போன பழைய ரிமோட் என்றால் 455 கிலோஹெர்ட்ஸ் ரெசனேட்டர் (சீரான துடிப்பு தரும் பாகம்) உடைந்திருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் டிவி எதிர்பார்க்கும் 38 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. மலிவான பாகம், இரண்டு மூன்று கால்தான்.

எல்இடி டிவியில் சத்தம் வருகிறது, படம் இல்லை.

அறையை இருட்டாக்கி, திரைக்கு மிக அருகில் டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நிழல்போல் படம் ஓடினால் பேக்லைட் போயிருக்கிறது. உள்ளே பட்டைகளில் எல்இடிகள் சீரிஸில் இருக்கும். ஒன்று அறுந்தாலும் டிரைவர் எல்லாவற்றையும் அணைத்துவிடும். ஒரே ஒரு எல்இடியை மாற்றினால் சில மாதங்களில் அடுத்தது போகும், பட்டைகளைச் செட்டாக மாற்றுங்கள்.

கஷ்டமான இடம் மின்சாரம் அல்ல, கண்ணாடி. பேனலைக் கழற்ற 32 அங்குலத்துக்கே இரண்டு பேர் வேண்டும். அதன் ஓரத்தில் தொங்கும் மெல்லிய ரிப்பன்களில் ஒன்று மடங்கினால் டிவி முடிந்தது. பழுது பார்த்த பிறகு, பழுதாகாத டிவியிலும்கூட, அமைப்பில் பேக்லைட் அளவைக் குறைத்து வையுங்கள். கடைக் காட்சிக்காக முழு வெளிச்சத்தில் வைத்ததை வீட்டிலும் அப்படியே ஓட்டுவதுதான் பட்டைகளைச் சீக்கிரம் கொல்கிறது.

மிக்ஸி திடீரென்று நின்றுவிட்டது.

அடியில் இருக்கும் ஓவர்லோடு பட்டனை அழுத்துங்கள். ஓடிவிட்டால் அத்தோடு விடாமல், ஜாரைக் கழற்றி பிளேடைக் கையால் சுழற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் ஜார் புஷ் (பிளேடின் தண்டு சுற்றும் உறை) போயிருக்கிறது. மோட்டார் திணறிப் பட்டனைத் தள்ளியதற்குக் காரணம் அதுதான். பட்டன் உதவாவிட்டால் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் ஜோடியாக மாற்றுங்கள். 2011-க்குப் பிறகு அரசு வழங்கிய மிக்ஸிகளில் பலவற்றை ஜார் புஷ், கப்ளர், கார்பன் இந்த மூன்றை மட்டும் மாற்றி இன்னும் ஓட்டலாம்.

இண்டக்‌ஷன் அடுப்பில் ஐஜிபிடி மாற்றினேன், உடனே வெடித்தது. ஏன்?

காயிலுக்குப் போகும் கரண்ட்டை வேகமாகத் திறந்து மூடும் பவர் டிரான்சிஸ்டர்தான் ஐஜிபிடி. அது பெரும்பாலும் தானாகச் சாவதில்லை. காயிலோடு இணைந்த 0.3 மைக்ரோஃபாரட் அளவிலான 1,200 வோல்ட் கப்பாசிட்டர் மதிப்பு இறங்கியிருந்தால் ஐஜிபிடி மேல் வரும் வோல்ட் எகிறும். ஐஜிபிடியைத் திறந்து மூடும் ‘கேட்’ காலை ஓட்டும் 18 வோல்ட் சப்ளை குறைந்திருந்தால் பாதி திறந்த நிலையில் சூடேறிச் சாகும். ஃபேன் அடைத்திருந்தாலும் அப்படியே. புதிய ஐஜிபிடியைப் பற்றவைக்கும் முன் இந்த மூன்றையும், பிரிட்ஜையும் அளந்துவிட்டு, முதல் முறை சீரிஸ் போர்டில் மட்டும் போடுங்கள். அடுப்பு காத்திருக்கும் நிலையில் பல்பு எரியக் கூடாது. போர்டு முழுக்க மின்கம்பியோடு நேரடித் தொடர்பில் உள்ளது, தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கான வேலை அல்ல.

என் சால்டர் உருண்டையாக நிற்கிறது, ஒட்டவில்லை.

நுனியில் சால்டரை உருக்கி எடுத்துப் போய்த் தடவுகிறீர்கள். நுனியைப் பாகத்தின் காலும் போர்டின் தடமும் சேரும் இடத்தில் வைத்து, இரண்டும் சூடேறியதும் சால்டர் கம்பியை அந்த இடத்தில் தொடுங்கள், நுனியில் அல்ல. மூன்று வினாடிக்குள் பளபளவென்று மலைச்சரிவு போல் படியும். 60/40 சால்டர் 190 டிகிரிக்குள் முழுதாக உருகிவிடும். புதிய போர்டுகளில் இருக்கும் ஈயமில்லாச் சால்டருக்கு 217-க்கு மேல் வேண்டும். அதைப் பிடுங்கக் கஷ்டமாக இருந்தால் மேலே கொஞ்சம் 60/40 சேர்த்து உருக்குங்கள், இளகி வரும். எழும்பும் புகை பேஸ்ட்டின் புகை, நெஞ்சுக்கு ஆகாது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈயம் கையில் ஒட்டும். கை கழுவாமல் சாப்பிடவோ குழந்தையைத் தூக்கவோ வேண்டாம்.

தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் வைக்கலாமா?

பயனில்லை. கெடுப்பது தண்ணீரைவிட, தண்ணீரோடு பேட்டரியின் கரண்ட் சேர்ந்து நடத்தும் அரிப்பு. உடனே அணையுங்கள், சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள், எவ்வளவு சீக்கிரம் திறந்து 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவுகிறோமோ அவ்வளவு வாய்ப்பு. கடல் தண்ணீர் என்றால் மணிக்கணக்கில்கூடக் காத்திருக்கக் கூடாது.

பாகங்கள் எங்கே வாங்குவது?

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட். நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு என்று அக்கம்பக்கத்துத் தெருக்களையும் சேர்த்துத்தான் எல்லோரும் ரிச்சி ஸ்ட்ரீட் என்கிறார்கள். பழைய பாகத்தையே கையில் எடுத்துப் போங்கள். எண் அழிந்திருந்தாலும் அளவையும் கால் இடைவெளியையும் பார்த்துத் தருவார்கள். மற்ற ஊர்களில் டிவி பழுது பார்ப்பவரிடம் பேசிப் பழகுங்கள், அவர் வாங்கும் கடையைச் சொல்வார்.

பவர் டிரான்சிஸ்டர், மாஸ்ஃபெட், ஐஜிபிடி மூன்றிலும் போலி அதிகம். எண்ணைச் சுரண்டி வேறு எண் அச்சிட்டது, பழைய போர்டிலிருந்து பிடுங்கிக் காலைப் பளபளப்பாக்கியது இரண்டும் வரும். விலை மிகக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். ரெசிஸ்டர், சிறு டயோடுகளில் இந்தக் கவலை இல்லை.

எப்போது கைவிடலாம்? கைவிட்டதை என்ன செய்வது?

உள்ளடுக்குத் தடம்வரை போர்டு கருகியிருந்தால், பிராசஸர் போயிருந்தால், பாதுகாப்புக்கான பாகத்துக்குச் சரியான மாற்று கிடைக்காவிட்டால் நிறுத்துங்கள்.

தூக்கிப் போடும் முன் ஹீட்சிங்க், டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், ஸ்பிரிங், திருகுகள், பவர் கார்டு எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போடுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு திருகு தேவைப்படும்போது எந்தக் கடையும் உதவாது. பழைய எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டரையும் வாரிஸ்டரையும் சேமிக்க வேண்டாம், அவற்றின் மிச்ச ஆயுளை மீட்டர் சொல்லாது. மீதி மின்கழிவு. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளின்படி அது பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டும். செம்பு எடுக்கிறேன் என்று ஒயரைக் கொளுத்துபவரிடம் போட்டுவிடாதீர்கள். பிவிசி எரியும் புகை அந்தத் தெருக் குழந்தைகளின் மூச்சில்தான் போகிறது. லித்தியம் பேட்டரியை மட்டும் தனியே எடுத்து, முனைகளில் டேப் ஒட்டி, மற்றதோடு கலக்காமல் கொடுங்கள்.